கதவின் கீச்சொலிக்கு எந்த மசகு?

காரின் கதவுக் கைப்பிடி ஒரு நாள் இழுக்கும்போது கீச்சென்று கத்தத் தொடங்கும். சில வாரங்கள் கழித்து, இழுத்த கைப்பிடி தன் இடத்துக்குத் திரும்பத் தயங்கும். அப்புறம் சாவி துளைக்குள் பாதி போய் நிற்கும். மூன்றுக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒரே வைத்தியம்தான்: அலமாரியில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்பிரே டப்பா. அது இல்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய். அதுவும் தீர்ந்திருந்தால் சமையலறைத் தேங்காயெண்ணெய். அடித்தவுடன் சத்தம் நின்றுவிடுவதால்தான் இந்தப் பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. கொஞ்ச நாளில் சத்தம் திரும்பி வரும்போது நாம் மறுபடியும் அதே டப்பாவை எடுக்கிறோம். இப்படியே நாலைந்து முறை போனபின் பூட்டே இறுகிப்போய், கதவைப் பிரித்து லாக்கை மாற்ற வேண்டிய நிலை வருகிறது.

கார்க் கதவு ஒன்றுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது, உலோகத்தோடு பிளாஸ்டிக் உரசுகிறது, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுகிறது, பெயின்ட் அடித்த தகட்டோடு ரப்பர் உரசுகிறது. ஒன்றுக்கு உகந்த மசகு இன்னொன்றைக் கெடுக்கக்கூடும். ஆகவே எந்த எண்ணெய் வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், கத்துவது எந்த இடம், அங்கே எதோடு எது உரசுகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டவருக்குக் கடையில் நின்று குழம்ப வேண்டியிருக்காது.

முதலில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். கனமான பீரோவைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், அசையத் தொடங்கும்வரைதான் முழு பலமும் வேண்டும். நகர ஆரம்பித்துவிட்டால் அதைவிடக் குறைவாகத் தள்ளினாலே போதும். நிற்கும் பரப்புகளுக்கு இடையிலான உராய்வு, நகரும் பரப்புகளுக்கு இடையிலான உராய்வைவிட அதிகம். கைப்பிடியின் அச்சிலும் இதுவே நடக்கிறது. நாம் இழுக்கும்போது அச்சு முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விசை சேரச் சேரச் சட்டென்று விடுபட்டு ஒரு நூலளவு வழுக்குகிறது. உடனே மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நொடிக்குள் இந்த ஒட்டலும் வழுக்கலும் நூற்றுக்கணக்கான முறை நடந்தால் அது அதிர்வாகிறது. அந்த அதிர்வைக் கதவின் மெல்லிய தகடு வாங்கிப் பெருக்கிக் காதுக்கு அனுப்புகிறது. இடைவெளிகளில் நல்ல மசகு இருந்தால் இரண்டு உராய்வுகளுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். ஒட்டல் இல்லாதபோது கீச்சொலியும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இன்ஜினுக்குள் எண்ணெய் வேலை செய்யும் விதமும் கதவுக்குள் அது வேலை செய்யும் விதமும் வேறு வேறு. கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுழல்வதால் எண்ணெய் இடுக்குக்குள் இழுபட்டு, உலோகத்தைத் தாங்கி மிதக்கவைக்கும் அளவுக்குத் தடித்த படலமாகிறது. வேகம் குறைந்தால் அந்தப் படலம் மெலியும். மிக மெதுவான அசைவில் உலோகமே உலோகத்தைத் தொட்டுவிடும். ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் 1902இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த உறவைத் தெளிவாகக் காட்டின. இன்றும் அந்த வளைகோடு அவர் பெயராலேயே வழங்குகிறது. கதவின் கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாம் அந்த வளைகோட்டின் மெதுவான கடைசி முனையில் இருப்பவை. அவை முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. கொஞ்சம் திரும்புகின்றன, நிற்கின்றன, திரும்பி வருகின்றன. மிதக்கவைக்கும் படலம் அங்கே ஒருபோதும் உருவாகாது. அதனால்தான் விலையுயர்ந்த இன்ஜின் ஆயிலைக் கீலில் விட்டாலும் அது அதிக நாள் உதவாமல் வழிந்து பெயின்ட்டில் கோடு போடுகிறது. இந்த இடங்களுக்கு வேண்டியது வேறு குணம்: விட்ட இடத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும், உலோகம் உலோகத்தைத் தொடும் கணத்திலும் நடுவில் ஏதோ ஒரு வழுவழுப்பான பொருளை வைத்திருக்க வேண்டும், தூசியைச் சேர்க்கக் கூடாது, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கக் கூடாது.

இடத்தைக் கண்டுபிடிப்பது காதின் வேலை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிக் கைப்பிடியை மட்டும் மெதுவாக இழுத்து விடுங்கள். அப்போதே கத்தினால் குற்றம் கைப்பிடியின் அச்சிலோ அதன் ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. கைப்பிடி அமைதியாக இருந்து, கதவு அசையும்போது முனகினால் கீல்களையும், இரண்டு கீல்களுக்கும் நடுவில் கதவைப் பாதித் திறப்பில் நிறுத்திவைக்கும் இரும்புப் பட்டையையும் பாருங்கள். சாலையில் மேடு பள்ளத்தில் மட்டும் சத்தம் வருகிறதென்றால் பெரும்பாலும் அது கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பராகவோ, கதவின் லாக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வளையமாகவோ இருக்கும். ரப்பரின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். அதோடு சத்தம் சில நிமிடம் அடங்கினால் சந்தேகமே வேண்டாம், ரப்பர்தான். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. தவறான இடத்தில் கிரீஸைத் தடவிவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலையும் மிச்சமாகும்.

இனி அந்த நீல, மஞ்சள் டப்பாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். டபிள்யூ.டி.-40 இல்லாத மெக்கானிக் ஷெட் நம்மூரில் அரிது. அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சிறு கம்பெனி 1953இல் இதை உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய எஃகு உறையில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் காப்பதற்காக அது முதலில் பயன்பட்டது. நீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதே அதன் பெயருக்குள் இருக்கும் செய்தி. அதாவது பிறப்பிலேயே அது ஈரம் விரட்டி. அதில் பெரும்பகுதி சீக்கிரம் ஆவியாகிவிடும் பெட்ரோலியக் கரைப்பான். மிச்சம் இலேசான எண்ணெய். கரைப்பான் இடுக்குக்குள் ஊடுருவுகிறது, இறுகிய பழைய கிரீஸை இளக்குகிறது, துருவைத் தளர்த்துகிறது, பிறகு பறந்துவிடுகிறது. பின்னால் தங்கும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. நம் வெயிலிலும் தூசியிலும் அது கதவுப் பூட்டில் அதிக நாள் தாங்காது.

இதில் பெரிய தீங்கு வேறொன்று. தொழிற்சாலையில் வைத்த நல்ல கிரீஸ் லாக்குக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் நிலையில் நாம் கரைப்பானை அடித்தால், இருந்த கிரீஸையும் கழுவி வெளியேற்றிவிடுகிறோம். முதல் நாள் சுகமாக இருக்கும் பூட்டு பிறகு முன்பைவிட மோசமாவதற்குக் காரணம் இதுவே. அந்தக் கம்பெனியே இன்று வெள்ளை லித்தியம் கிரீஸ், சிலிக்கோன், உலர் மசகு என்று தனித்தனி டப்பாக்களை விற்பதை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமென்றால் மற்றவை தேவைப்பட்டிருக்காது. நான் இந்தப் பொருளைக் குறைத்துச் சொல்லவில்லை. துருப்பிடித்து இறுகிய கீலை இளக்கவும், அழுக்கைக் கழுவவும் இதைவிட எளிதான துணை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் கதவு மட்டத்துக்கு மேல் மூழ்கின. அப்படி நனைந்த லாக்கிலிருந்து ஈரத்தை விரட்ட இது பொருத்தமான பொருள். ஆனால் அது முதல் படி மட்டுமே. கழுவி, துடைத்து, உலர்ந்தபின் அந்த இடத்துக்கு உரிய மசகை வைத்தால்தான் வேலை முடிகிறது.

அந்த உரிய மசகு, உலோகமும் உலோகமும் அழுந்தி உரசும் இடங்களில், கிரீஸ். எண்ணெயையும் அதைப் பிடித்துவைக்கும் ஒரு சோப்பையும் சேர்த்துச் செய்வதே கிரீஸ். சோப்பின் நுண்ணிழைகளுக்கிடையே எண்ணெய் சிக்கிக்கிடக்கும். அழுத்தம் வரும்போது கொஞ்சம் கசிந்து வேலை செய்யும். அதனால்தான் கிரீஸ் வழியாமல் நின்ற இடத்தில் நிற்கிறது. இன்று உலகில் அதிகம் விற்பவை லித்தியம் சோப்பில் செய்த கிரீஸ்களே. ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ்வரை அது உருகி ஒழுகாது, தண்ணீரையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். வெயிலில் கிடந்த காரின் கதவு எவ்வளவு சுட்டாலும் அந்த வெப்பத்தின் பக்கத்தில்கூடப் போகாது. கதவுகளுக்கென்று விற்கும் வெள்ளை லித்தியம் கிரீஸில் வெண்மை பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் வருவது. கறுப்பு கிரீஸ் போல உடையில் கறை பிடிக்காது என்பதும் கதவு விளிம்புக்கு அது பொருத்தமாக இருக்க ஒரு காரணம்.

லித்தியம் சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. ஆமணக்கெண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கி, அதைப் பிரித்தெடுத்தால் கிடைக்கும் 12-ஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலமே லித்தியத்தோடு சேர்ந்து அந்தச் சோப்பாகிறது. உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதிலும் முதலிடம் குஜராத்துக்கு. நம் பக்கத்திலும் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. மாட்டுவண்டியின் அச்சுக்கு ஒரு காலத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிய ஊர்களில், அதே விதையிலிருந்து வந்த பொருள் இன்று கார்க் கதவின் கீலில் இருக்கிறது. எனக்கு இது மகிழ்ச்சி தரும் தொடர்ச்சி.

கிரீஸ் டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. என்று போட்டு ஓர் எண் இருக்கும். அது கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு. 000 என்றால் ஊற்றக்கூடிய கூழ், 6 என்றால் கட்டி. நடுவிலுள்ள 2 என்ற எண்ணே வீல் பேரிங் முதல் கதவுக் கீல்வரை பெரும்பாலான வேலைகளுக்கு ஏற்றது. கீலின் அச்சுக்குள் புக வேண்டிய இடத்தில் ஸ்பிரே வடிவ லித்தியம் கிரீஸ் வசதியானது. அதிலுள்ள கரைப்பான் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆவியாகும். அடித்ததும் தண்ணீராக வழிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில நிமிடம் கழித்துத்தான் அது கிரீஸாகக் கெட்டிப்படும். கதவை நிறுத்தும் பட்டையில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ் இன்னும் நல்லது. கொஞ்சமாகத் தடவினால் போதும். நிறையத் தடவினால் ஏறி இறங்கும்போது புடவையிலோ வேட்டியிலோ ஒட்டும்.

கதவின் பின்விளிம்பில் இருக்கும் லாக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே பிளவுபட்ட ஒரு கவ்வி சுழல்கிறது. காரின் தூணில் திருகியிருக்கும் இரும்பு வளையத்தை அது பிடித்துக்கொள்ள, உள்ளே இன்னொரு சிறு நெம்பு விழுந்து கவ்வியைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. கதவைச் சாத்தும்போது இரண்டு முறை ‘க்ளிக்’ என்று கேட்பது இதனால்தான். முதல் க்ளிக் அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. இந்தக் கவ்விக்கும் நெம்புக்கும் லித்தியம் கிரீஸ் சரி. ஆனால் அதே பெட்டிக்குள் சென்டர் லாக் மோட்டாரும், கதவு திறந்திருப்பதை டேஷ்போர்டுக்குச் சொல்லும் சிறு சுவிட்சும் இருக்கின்றன. சிலிக்கோன் ஸ்பிரேயை அங்கே தாராளமாக அடிப்பது நல்லதல்ல. சிலிக்கோன் ஆவி, பொறி பறக்கும் சுவிட்சு முனைகளில் மணற்பொருளான சிலிக்காவாக மாறிப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். அதோடு சிலிக்கோனுக்கு எஃகும் எஃகும் அழுந்தி உரசும் இடத்தில் தாங்கும் சக்தியும் குறைவு. இரண்டு காரணங்களாலும் லாக்குக்கு அது வேண்டாம்.

சிலிக்கோனின் இடம் ரப்பர். கதவைச் சுற்றியுள்ள பீடிங் பெரும்பாலான கார்களில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனது. பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் பட்டால் அது ஊதிப் பஞ்சாகிவிடும். கீலுக்கு வைத்த கிரீஸ் ரப்பரில் ஒழுகக் கூடாது என்பது இதற்காகத்தான். சிலிக்கோன் அந்த ரப்பரை ஒன்றும் செய்வதில்லை, வழுவழுப்பாக வைத்திருக்கும், வெயிலில் கதவோடு ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும். ரப்பரில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். பெயின்ட்டில் பட்ட சிலிக்கோனை முழுக்க எடுப்பது கடினம். பின்னாளில் அந்தப் பேனலுக்கு டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடிக்க நேர்ந்தால், அது இருந்த இடங்களில் புது பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாகப் பிளக்கும்.

கைப்பிடிக்கு வருவோம். பல கார்களில் வெளிக் கைப்பிடி பிளாஸ்டிக். குரோம் பூச்சு போட்டதும் உள்ளே பிளாஸ்டிக்தான். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக்குகள் விசை தாங்கி நிற்கும் நிலையில் சில கரைப்பான்கள் பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். கைப்பிடி தினமும் இழுபடும் பொருள். அதன் அச்சுத் துளையைச் சுற்றித்தான் விசை முழுவதும் விழுகிறது. கரைப்பான் நிறைந்த ஸ்பிரேயை அங்கே வாரம்தோறும் அடித்துக்கொண்டிருந்தால் சத்தம் போகிறதோ இல்லையோ, ஒரு நாள் கைப்பிடி கையோடு வரும். பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் சிலிக்கோன் கிரீஸோ, பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கலந்த உலர் மசகோதான் இங்கே உரியது. இரண்டில் ஒன்றைக் கேட்டால் தூசி நிறைந்த நம் சாலைகளுக்கு உலர் மசகையே சொல்வேன்.

கைப்பிடியின் ஸ்பிரிங் தளர்ந்து அது முழுதாகத் திரும்பாமல் நின்றால் கீச்சொலியைவிடப் பெரிய பிரச்சினை உண்டு. கைப்பிடி பாதி இழுத்த நிலையில் இருக்கும்போது லாக்கின் நெம்பு தன் இடத்தில் விழாது. கதவைச் சாத்தினாலும் பிடிக்காமல் எகிறி வரும். லாக் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது லாக் மாற்றியவர்கள் உண்டு. கோளாறு கைப்பிடி அச்சில் சேர்ந்த அழுக்கில் இருந்திருக்கும். கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் ராடின் முனைகளில் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். கேபிள் உள்ள கார்களில் கேபிளின் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும். கிளிப் தேய்ந்து ஆடினால், கேபிள் இறுகினால், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிடுவதே சரி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இதுபோன்ற சில்லறைச் சாமான்கள் தனியாகவே கிடைக்கும்.

இனி சாவித்துளை. கதவில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. கார்ப் பூட்டின் சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வந்து சிலிண்டர் திரும்ப வழிவிடும். தகடு ஓடும் வழியின் இடைவெளி மயிரிழை அளவுதான். அங்கே எண்ணெயோ கிரீஸோ விட்டால் முதல் சில நாள் சாவி வெண்ணெயாகத் திரும்பும். பிறகு சாவியோடு உள்ளே போகும் ஒவ்வொரு தூசித்துகளும் அந்த எண்ணெயில் ஒட்டும். சாலைத் தூசியில் பெரும்பங்கு மணல். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் மணலின் குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. பித்தளை அதில் 3, 4 அளவில்தான். இன்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்த ஒர்க்‌ஷாப்பில் பயன்படுத்தும் பேஸ்ட்டும் கடினத் துகளைக் கிரீஸில் குழைத்ததே. சிலிண்டருக்குள் எண்ணெய் விடுகிறவர் அந்தப் பேஸ்ட்டைத் தன் பூட்டுக்குள் தயாரித்துக்கொள்கிறார்.

ஆகவே இங்கே உலர்ந்த மசகுதான் வேண்டும். பழைய பூட்டுக்காரர்கள் சொன்னது கிராஃபைட் பொடி. பென்சில் முனையைச் சாவியில் தேய்த்து உள்ளே விடும் பழக்கம் அதன் எளிய வடிவம். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது நன்றாக வழுக்கும் என்பது ஒரு விசித்திரம். நம்மூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கடலோர ஊர்களில் கிராஃபைட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கார்ப் பூட்டின் உடல் பல சமயம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. உப்பு ஈரம் படிந்த துத்தநாகத்தின்மேல் கிராஃபைட் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலம் ஆகும். அதில் அரிபடுவது துத்தநாகம். அதோடு, ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போட்டால் கறுப்புச் சேறுதான் மிஞ்சும்.

மாற்று, பி.டி.எஃப்.இ. கலந்த உலர் ஸ்பிரே. டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்த பொருள்தான் அது. 1938இல் டூபான்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் குளிரூட்டி வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது சிலிண்டருக்குள் தற்செயலாக உருவாகிக் கிடைத்த வெள்ளைப் பொடி. அறியப்பட்ட திடப்பொருள்களில் மிகக் குறைந்த உராய்வு உள்ளவற்றில் ஒன்று. மின்சாரத்தைக் கடத்தாது, உலோகத்தை அரிக்காது, தண்ணீரை ஏற்காது. கரைப்பான் ஆவியானபின் தகடுகளின் மேல் ஒரு வறண்ட பூச்சு மட்டும் நிற்கும். அதில் தூசி ஒட்டாது. குழாயைத் துளையில் வைத்து ஒரு சிறு அழுத்து, பிறகு சாவியை உள்ளே விட்டு எடுத்து, சாவியில் வரும் கறுப்பைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடியும் விட்டு எடுக்க வேண்டும். சாவி சுத்தமாக வரும்வரை செய்தால் பழைய எண்ணெயும் சேர்ந்து வெளியேறிவிடும்.

ரிமோட் வந்தபின் இந்தத் துளையையே பலர் மறந்துவிட்டார்கள். இன்றைய பல கார்களில் டிரைவர் பக்கக் கதவில் மட்டுமே சாவித்துளை இருக்கும். சிலவற்றில் அதுவும் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். காரின் பேட்டரி இறங்கிவிட்டால் உள்ளே போக அதுதான் வழி. வருடக்கணக்கில் திருப்பப்படாத சிலிண்டர் அந்த நாளில் திரும்பாது. பலம் கொடுத்தால் சாவி முறியும். மாதம் ஒரு முறையாவது ரிமோட்டை விட்டுவிட்டுச் சாவியால் பூட்டித் திறந்தால், தகடுகள் தம் இடத்தில் உறையாமல் இருக்கும். எந்த மசகும் இந்த அசைவுக்கு ஈடாகாது. ஒரு சாவி தடுமாறுகிறதென்றால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது சாவி. பூட்டுக்கு மசகு விடுவதில் பயனில்லை.

சமையலறை எண்ணெய்களை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். பல மாதம் துடைக்காத எண்ணெய்ப் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டும் மஞ்சள் படலம் அதுதான். விளக்கெண்ணெயும் நாளடைவில் அப்படியே. தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. ஆனால் 24 பாகைக்குக் கீழே உறையும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலையில் அது பூட்டுக்குள் மெழுகாக நிற்கும். பழசானால் அதில் பெருகும் கொழுப்பு அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும்.

இவ்வளவு பார்த்தும், கடலோரத்தில் மசகைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி காலைகளில் இது சாதாரணம். தகட்டில் படிந்த உப்புத்தூள் ஒவ்வொரு காலையும் உப்புநீராகி, மதியம் காய்ந்து, மறுநாள் மறுபடியும் நீராகும். மழைநீர் வேறு கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும். அது கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கார் செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகளில் வேப்பிலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் நீர் தேங்கும். லாக் அந்த ஆவியிலேயே நாள் முழுவதும் வேகும். எத்தனை தரமான கிரீஸும் அதற்கு ஈடுகொடுக்காது. கதவைத் திறந்து கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஒரு பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைக் குத்திவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை கதவுகளைச் சுத்தம் செய்து மசகிட்டால் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் போதும். கடற்கரைச் சாலையில் நிற்கும் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேண்டும்.

செய்யும் முறையில் பெரிய வித்தை இல்லை. பழைய கறுப்பு கிரீஸைத் துணியாலும் பழைய டூத் பிரஷாலும் எடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் புது கிரீஸை மேலே அப்புவது மணலை மூடி வைப்பதாகும். சோப்பு வகை வேறான இரண்டு கிரீஸ்கள் கலந்தால் இளகி ஒழுகவும் கூடும். லாக்கின் கவ்வியில் கிரீஸ் வைத்தபின், கதவைத் திறந்து வைத்தே ஸ்குரூடிரைவர் தண்டால் கவ்வியைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு க்ளிக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு கைப்பிடியை இழுத்துக் கவ்வியைத் திறந்தபின்தான் கதவைச் சாத்த வேண்டும். மூடிய கவ்வியோடு சாத்தினால் கவ்வியும் வளையமும் மோதிச் சேதமாகும். கைப்பிடிக்கு ஒரு துளி, கீலுக்கு ஒரு பட்டாணி, சிலிண்டருக்கு ஒரு சிறு பீய்ச்சல். மிஞ்சுவதையெல்லாம் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே டப்பாக்களில் எரியும் வாயு இருக்கிறது. 50 பாகைக்கு மேல் சூடாக விடக் கூடாது என்று அவற்றின் மேலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிற்கும் காரின் உள்புறம் அந்த வெப்பத்தைச் சுலபமாகத் தாண்டும். வேலை முடிந்ததும் டப்பாவை டிக்கியில் போட்டுவிடாமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

வாங்குவதற்கு என் தீர்ப்பு இது. ஒரு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே, ஒரு பி.டி.எஃப்.இ. உலர் ஸ்பிரே. இந்த இரண்டும் இருந்தால் கதவின் கீல், லாக், கைப்பிடி, சாவித்துளை எல்லாவற்றுக்கும் போதும். பீடிங் ரப்பர் கத்தினால் மட்டும் சிலிக்கோன். பிராண்டைவிட டப்பாவின் பின்னால் உள்ள சிறு எழுத்துகளில் எந்தப் பொருள் இருக்கிறது, பிளாஸ்டிக்கில் படலாமா என்பதைப் படியுங்கள். இத்தனையும் செய்தபின், கதவு ஒரே க்ளிக்கில் நின்றுவிடுகிறது அல்லது இரண்டு மூன்று முறை அறைந்தால்தான் பிடிக்கிறது என்றால் அது மசகால் தீரும் கோளாறு அல்ல. அந்தக் கதவின் பக்கத்தில் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.